நிமிசத்துக்கு மூன்று கோப்பை

“தை 9. காலமை 6.40. கீழ் கராஜ், ரண்டாம் தூண். நிமிசத்துக்கு மூண்டு கோப்பை. சொல்லியாச்சு. ஒருத்தரும் வரேல்லை.”

பீட்சாக் கடை விளம்பரத்தாள் ஒன்றின் வெற்றுப் பக்கத்தில் நீல மையால் எழுதப்பட்ட குறிப்பு இது. எங்கள் வழக்கில் தை என்றால் ஜனவரி; மற்ற மாதங்களும் அப்படியே. இப்படிப் பதினொரு துண்டுகள் என்னிடம் உள்ளன. முதலாவது கார்த்திகை 17, கடைசி மாசி 4. நாள், நேரம், இடம், அளவு எல்லாம் இருக்கின்றன. ஆண்டு மட்டும் எதிலும் இல்லை. எழுதியவரிடம் ஒருமுறை கேட்டேன். “ஏன் தம்பி, உது அடுத்த வருசமும் ஓடும் எண்டே நினைக்கிறியள்?” என்றார். நான் நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதால் ஆண்டு எனக்குத் தெரியும். பெருந்தொற்றுக்குப் பிறகு எங்கள் கட்டடத்தின் லிஃப்டில் சனங்கள் மீண்டும் முகம் காட்டத் தொடங்கிய முதலாவது குளிர்காலம் அது.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. கனடாவில், டோர்செட் பார்க்கில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் பதினோராம் மாடியில் தனியாக இருந்தவர். அறுபது வயதிருக்கும். மன்னார்ப் பக்கம். நான் அவரை அக்கா என்பேன். மற்றவர்கள் அவர் இல்லாத இடத்தில் ‘தண்ணிப் பொலிஸ்’ என்பார்கள்.

அந்தப் பெயரை வைத்தவர் ஏழாம் மாடி அண்ணை. சலவை மெசின்கள் இருக்கும் கீழ்த்தள அறையில், சட்டைக் கழுத்து அழுக்கைத் தேய்ப்பதற்காக அவர் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு, இடையில் போனில் கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அக்கா உள்ளே வந்தார், குழாயைப் பூட்டினார், பிறகு அண்ணையின் சட்டையைத் தூக்கி அவர் தோளிலே போட்டார்.

“கதைக்கிறதெண்டா வெளியிலை போய்க் கதையும். தண்ணி உம்மடை கதையைக் கேக்கத் தேவையில்லை.”

“அக்கா, இது கனடா. ஏரி பக்கத்திலை கிடக்கு. தண்ணி தீராது.”

“ஏரி உம்மடை கொப்பற்றை சொத்தோ?”

அன்றிலிருந்து அவர் லிஃப்டில் ஏறினால் யாராவது மெதுவாக, “பொலிஸ் வருது, பைப்பைப் பூட்டுங்கோ” என்பார்கள். அவருக்கு அது கேட்கும். முன்னால் பார்த்தபடியே நிற்பார். அவர் சிரித்துப் பேசி ஒருவரைத் திருத்துகிற ஆள் அல்ல. ஓடுகிற தண்ணீரைக் கண்டால் கத்துவார். குழந்தை வீதிக்கு ஓடினால் தாய் எப்படிக் கத்துவாளோ அப்படி. ஒருமுறை எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து சமையலறைக்குப் போய், என் மனைவி பாத்திரம் கழுவத் திறந்துவைத்த குழாயைப் பூட்டிவிட்டு வந்து மிச்சத் தேநீரைக் குடித்தார். என் மனைவி இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. அக்காவுக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

அவர் பதினான்கு வருடங்கள் ஒரு பாலைவனத்து ஊரில் வீட்டு வேலை செய்தவர். எந்த நாடு என்று சொன்னார். ஊரின் பெயரை அவர் உச்சரித்த விதத்தில் என்னால் எந்த வரைபடத்திலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே இந்தப் பகுதி அவர் சொன்னபடிதான்.

அந்த ஊருக்குத் தண்ணீர் பவுசர் லொறியில் வருமாம். வாரத்துக்கு இரண்டு முறை. நகரசபை ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு பலகை வைத்து, அதில் தாள் ஒட்டும்: எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணி, பெரிய தாங்கியில் எவ்வளவு மிச்சம். வேலைக்குப் போன முதல் வாரமே அவரை அந்தப் பலகைக்கு அனுப்பிவிட்டார்கள். அரபு எண்களை அவர் படித்தது அந்தத் தாளில்தான். பிறகு அந்தத் தெருவில் வேலை செய்த மற்றப் பெண்களுக்கும் அவர்தான் வாசித்துச் சொல்வாராம். அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம், பாத்திரம் கழுவியதில் தரை, தரை துடைத்தது மரத்துக்கு. ஏசி மெசினிலிருந்து சொட்டுவதைக்கூட வாளி வைத்துப் பிடிப்பார்களாம்.

“அங்கை ஒருக்கா பெரிய குழாய் உடைஞ்சது தம்பி. அடுத்த நாள் விடிய பலகையிலை தாள். எங்கடை பிழை, வெள்ளிக்கிழமைக்கு முதல் கட்டி முடிப்பம் எண்டு. வியாழக்கிழமை முடிச்சாங்கள். நான் அந்த ஊரிலை பட்டது கொஞ்ச நஞ்சமில்லை. சம்பளம் தராமல் விட்டவை, அடிச்சவை. ஆனா அந்தப் பலகை எனக்கு ஒருநாளும் பொய் சொல்லேல்லை.”

இதனால்தான் எங்கள் லொபியில் ஒட்டப்படும் தாள்களை அவர் அப்படி வாசித்தார். எங்களில் பெரும்பாலானோர் அந்தத் தாள்களைப் பார்ப்பதேயில்லை. ஆங்கிலத்தில் இருக்கும், சின்ன எழுத்தில் இருக்கும், தபால்பெட்டிகளுக்குப் பின்பக்கம் இருக்கும். அவர் வேலையால் வந்ததும் முதலில் அங்கேதான் போவார். விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக வாசிப்பார். ஆங்கிலம் பேசமாட்டார். ஆனால் தண்ணீர், மூடப்படும், தொடக்கம், வரை, நாளை ஆகிய சொற்கள் அவருக்கு அத்துப்படி. நகரசபை வீதியில் குழாய் வேலை செய்யப்போகிறதென்றாலோ, கட்டட நிர்வாகம் தண்ணீரை மறிக்கப்போகிறதென்றாலோ, முதல்நாள் பின்னேரம் பதினோராம் மாடியில் தொடங்கி ஒவ்வொரு மாடியாக இறங்கி, தமிழ் வீட்டுக் கதவுகளைத் தட்டுவார்.

“நாளைக்குப் பத்திலையிருந்து நாலு மட்டும் தண்ணியில்லை. நிரப்பி வையுங்கோ. ரண்டு வாளி காணும். குளிக்கிற தொட்டியை நிரப்பிப்போட்டுப் பிறகு திறந்து விடாதேங்கோ, மிஞ்சினா கக்கூசுக்கு ஊத்துங்கோ.”

கதவைத் திறந்தவர் ‘ஓம் அக்கா’ என்று சொல்லி முடிக்க முன்னரே அடுத்த கதவுக்குப் போய்விடுவார். தண்ணிப் பொலிஸ் என்று சிரித்த வாய்கள் எல்லாம் அவர் சொல்லி நிரப்பிய வாளியில் முகம் கழுவின. என் வாயும்தான்.

அந்தக் கார்த்திகையில் நிர்வாகம் லொபியில் புதிய தாள் ஒன்றை ஒட்டியது. சொட்டுத் தண்ணீர்ப் படம் போட்டு, வர்ண மையில். சாரம் இதுதான்: இந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் அளவுக்கு மீறித் தண்ணீரை வீணாக்குகிறார்கள். ஆகவே சலவை அறை இனிப் பின்னேரம் ஆறு மணியோடு பூட்டப்படும். பொறுப்புடன் நடந்துகொள்ளுங்கள்.

பின்னேரம் ஆறு மணிக்கு இந்தக் கட்டடத்தில் யார் வீட்டில் இருப்பார்கள்? பக்டரியிலும் பண்டகசாலைகளிலும் சாமான் அடுக்கிக்கொண்டிருப்பவர்களுக்குப் பொறுப்பைப் பற்றி வர்ணத் தாளில் பாடம். அதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அன்று கோபப்பட்டது அக்கா ஒருவர்தான். அவர் தாளின் முன் நின்று, “வீணாக்கிறது ஆர்?” என்று ஒருமுறை கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. வேட்டைக்குப் போகிறவர் மாதிரிப் படியால் இறங்கினார்.

இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டார். நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில், வாசலிலிருந்து இரண்டாவது தூணடியில், கூரையோடு போகும் பெரிய குழாயின் மூட்டிலிருந்து தண்ணீர் தூணின் பின்பக்கமாக வழிந்து, நேரே வடிகாலுக்குள் போய்க்கொண்டிருந்தது. தரையில் தேங்காததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவர் தேநீர்க்கோப்பையோடு போய், கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கோப்பை நிரம்புகிறது என்று எண்ணினார். கார்த்திகை 17இல் ஒன்று. மார்கழி நடுவில் இரண்டு. தை 9இல் மூன்று. பிடித்த தண்ணீரை அவர் வடிகாலில் ஊற்றவில்லை. போத்தலில் மேலே கொண்டுபோனார். அவருடைய வீட்டு வாசலிலும் பல்கனியிலும் மூடி போட்ட வாளிகளும் போத்தல்களும் அடுக்கியிருந்ததை நானே பார்த்தேன்.

கட்டடப் பராமரிப்பாளரை நாங்கள் ‘சுப்பர்’ என்போம். அக்கா அவரிடம் போய்க் கையைப் பிடித்து இழுக்காத குறை. அவர், மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன் என்றாராம். திரும்பப் போனபோதும் அதையே சொன்னாராம். மூன்றாம் முறை, உனக்குக் கார் இல்லை, கராஜுக்குள் உனக்கென்ன வேலை என்று கேட்டாராம்.

தை 21இல் அக்காவுக்குக் கடிதம் வந்தது. அவர் என்னிடம் கொண்டுவந்தார். நான் வாசித்துச் சொன்னேன். வீட்டினுள் அளவுக்கு மீறித் தண்ணீர் சேமித்து வைத்திருப்பதால் கட்டடத்துக்கு ஆபத்து, அனுமதியின்றி வாகனத் தரிப்பிடத்துக்குள் நடமாடுவதால் பாதுகாப்புக்குப் பங்கம், இரண்டையும் நிறுத்தாவிட்டால் வீட்டைவிட்டு வெளியேற்ற நடவடிக்கை எடுக்கப்படும்.

கசியும் குழாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கசிந்ததைப் பிடித்து வைத்ததுதான் குற்றம்.

அவர் கடிதத்தை வாங்கி நான்காக மடித்தார். “தம்பி, பதினாலு வருசம் மற்றாக்களின்ரை வீட்டிலை குசினிக்குப் பக்கத்திலை பாய் போட்டுப் படுத்தனான். உள்ளை பூட்டுற கதவு ஒண்டு எனக்கெண்டு கிடைச்சது இங்கைதான். நான் உதை விட்டிட்டுப் போகமாட்டன்.”

“அப்ப வாளியளை எடுத்திட்டு, கராஜுக்குப் போறதை விடுங்கோ அக்கா. பிரச்சினை முடிஞ்சிடும்.”

“குழாய்?”

நான் மேசையிலிருந்த தேநீரை அவர் பக்கம் தள்ளினேன்.

“மாதாவாணை, நீங்களும் உவங்களின்ரை ஆள்தான்” என்றார்.

மாசி 12, பின்னேரம் ஏழு மணி. கீழ்த்தள மண்டபத்தில் கூட்டம். நிர்வாகம் கேட்டுக்கொண்டதால், தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேச நகரசபையிலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தார். நல்ல பிள்ளை. எங்களில் பலருக்குக் கைகொடுத்து, வணக்கம் என்று சொல்லப் பழகிக்கொண்டு வந்திருந்தார். அவரில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பக்கத்துக் கதிரையில் நிர்வாகத்தின் முகாமையாளர் காலுக்குமேல் கால் போட்டபடி இருந்தார்.

திரையில் படங்கள் வந்தன. பல் விளக்கும்போது குழாயைப் பூட்டுங்கள். குளிப்பதைச் சுருக்குங்கள். பிறகு வெடித்த நிலமும் மணல்மேடும் உள்ள ஒரு பாலைவனப் படம்: தண்ணீர் இல்லாத உலகம் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பின்வரிசையில் அக்கா எழும்பினார்.

“தம்பி, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ” என்றார் என்னைப் பார்த்து. நான் எழுந்து நின்றேன். இந்தக் கட்டடத்துத் தமிழருக்கு மொழிபெயர்ப்பவன் நான்தான், பாடசாலை, ஆஸ்பத்திரி, வாடகை எல்லாவற்றுக்கும்.

அவர் சொன்னது என் நாட்குறிப்பில் அன்றிரவே எழுதப்பட்டது. ஒரு சொல்லும் கூட்டவில்லை:

“பிள்ளை, நான் உந்தப் படத்துக்குள்ளை பதினாலு வருசம் இருந்தனான். எனக்குத் தண்ணி மிச்சம்பிடிக்கப் படிப்பிக்க வேண்டாம். கீழை கராஜிலை ரண்டாம் தூணடியிலை மூண்டு மாசமாக் குழாய் ஓடுது. இப்ப நிமிசத்துக்கு நாலு கோப்பை. உந்தா இருக்கிற மனிசனுக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டு எங்களிலை பழியைப் போடுறான். அதைக் கண்டு சொன்ன என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லுறான். இப்ப எழும்பு. என்னோடை வா. அவனையும் கூட்டிக்கொண்டு வா. படியாலை இறங்கினா ரண்டு நிமிசம். அங்கை குழாய் ஓடாட்டி நான் நாளைக்கே சாவியைத் தந்திட்டுப் போறன்.”

ஏழாம் மாடி அண்ணைகூடச் சிரிக்கவில்லை. அந்தப் பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முகாமையாளரும் பார்த்தார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னது இது:

“உங்கள் பயனுள்ள உரைக்கு இந்த அம்மா நன்றி சொல்கிறார். கீழ்த்தளத்தில் ஒரு சிறிய கசிவு இருக்கலாம் என்று அவர் நினைக்கிறார். வசதிப்படும்போது யாராவது பார்த்தால் நல்லது என்கிறார்.”

அந்தப் பெண் தலையாட்டி, ஒரு வரி எழுதி, நன்றி என்று தமிழிலேயே சொன்னார். முகாமையாளர் நிச்சயமாகப் பார்க்கிறோம் என்றார். அடுத்த படம் வந்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல ஒன்றுதான் உண்டு. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் சனத்துக்காக நான் செய்த மொழிபெயர்ப்பெல்லாம் இதே வகைதான். அகதி விசாரணையில் ஒருவர் அழுது கத்தினால் அதை ‘கவலை தெரிவிக்கிறார்’ என்பேன். ஆசிரியரிடம் தகப்பன் சீறினால் ‘அறிய விரும்புகிறார்’ என்பேன். பேனா பிடித்திருப்பவரைக் கோபப்படுத்தக்கூடாது என்பது நாங்கள் பெட்டியில் கொண்டுவந்த பழக்கம். அதைக் கெட்டித்தனம் என்று நான் நினைத்திருந்தேன். கோபம் ஒன்றுதான் அன்று அந்த மண்டபத்தில் இருந்த உண்மையான தகவல். அதைத்தான் நான் வடித்து ஊற்றினேன், கசிவு தரையில் தேங்காமல் வடிகாலுக்குள் போன மாதிரி.

லிஃப்டில் அக்காவும் நானும் மட்டும். ஐந்தாம் மாடி தாண்டும்போது அவர் சொன்னார்: “நான் சொன்னது உவ்வளவு கெதியா முடிஞ்சிட்டுதோ?”

“இங்கிலீசிலை அப்பிடித்தான் அக்கா. சுருக்கமா வரும்.”

எட்டாம் மாடியில் கதவு திறந்தது. நான் இறங்கினேன்.

குழாயைப் பார்க்க யாரும் வரவில்லை. பங்குனியில் இரண்டாவது கடிதம் வந்தது. வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். “போனா அங்கையும் நீங்கள்தானே கதைக்கிறது?” என்று கேட்டார். அதைக் குத்தலாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. மில்லிக்கனில் இருந்த அவருடைய தம்பி வந்து, இந்த வயதில் உனக்கேன் வழக்கு என்று தன் வீட்டு நிலக்கீழ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதற்கு வேறு வாசல் இல்லை. தம்பி வீட்டுக் குசினிக்குள்ளால்தான் இறங்க வேண்டும்.

போகும் நாளில் வாளிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, முன் வாசலில் பனிக்கு மேலே தலைகாட்டிய செடிகளுக்கு ஊற்றினார். மண் இறுகிக் கிடந்ததால் தண்ணீர் பாதைக்கு ஓடியது. அப்போதும் கத்தினார், யாரையென்று தெரியாமல். பிறகு இந்தப் பதினொரு துண்டுகளையும் என் கையில் தந்தார். “நீங்கள்தானே நாள் தேதி எழுதிற ஆள். வைச்சிருங்கோ.”

அடுத்த தையில், கடும் குளிர் விழுந்த ஒரு காலையில், கராஜ் குழாயின் அந்த மூட்டு பிளந்தது. தண்ணீர் லிஃப்டுக் குழிக்குள் இறங்கி லிஃப்டும் நின்றது. மூன்று நாள் கட்டடத்தில் ஒரு சொட்டில்லை. கசிவைப் பார்த்து முன்கூட்டியே கதவைத் தட்ட ஆளில்லாததால் எவர் வீட்டிலும் ஒரு வாளி நிரம்பியிருக்கவில்லை. ஏழாம் மாடி அண்ணை பிளாசாவிலிருந்து தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தோளில் சுமந்து படியேறும்போது என்னைக் கண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

“பொலிஸ் இருந்திருந்தா...” என்றார். பெட்டியை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு மேலே ஏறினார்.

நிர்வாகம் தாள் ஒட்டியது. எதிர்பாராத உடைவு என்று இருந்தது. எதிர்பாராத! பதினொரு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு படியால் இறங்கி முகாமையாளரின் அறைக்குப் போனேன். வாழ்நாளில் முதல்முறையாக ஓர் அலுவலக மேசையில் கையால் அடித்தேன். அவர் துண்டுகளைப் பார்க்கவில்லை. ஒரு ஃபைலைத் திறந்து, கூட்டக் குறிப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். மாசி 12இன் பதிவு. விரலை வைத்துக் காட்டினார்: ‘குடியிருப்பாளர் ஒருவர், சிறிய கசிவு இருக்கலாம் எனக் கருதுகிறார். வசதிப்படும்போது பார்க்குமாறு கேட்டுக்கொண்டார்.’

“உன்னுடைய சொற்கள்தானே?” என்றார்.

என்னுடைய சொற்கள்தான்.

அன்று பின்னேரம் அக்காவின் தம்பி வீட்டுக்குப் போன் எடுத்தேன். அக்காதான் எடுத்தார். உடைவைச் சொன்னேன். “எவ்வளவு தண்ணி போச்சுது?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “அளக்கேல்லையோ?” என்றார். கோபத்தோடுதான். எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. மண்டபத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவர் இறந்துபோனார். தம்பி வீட்டிலிருந்து ஒரு வரித் தகவல் வந்தது. அடக்கத்துக்குப் போனேன்.

இந்தக் குறிப்பில் உள்ள நாட்களை என் நாட்குறிப்போடும் அவர் துண்டுகளோடும் ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் சரிபார்க்க முடியவில்லை. லொபித் தாள்களை ஒவ்வொரு சொல்லாக வாசித்தவர், மாசி 12 அன்று நான் ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டு விளங்கிக்கொண்டாரா இல்லையா என்பது உறுதிசெய்யப்படவில்லை.